உப்புக் காற்றில் எவர்சில்வர்: தேய்ப்பதற்கு முன் கழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரத்தில் பழுப்பேறிப்போகும் எவர்சில்வர் கைப்பிடிகளைப் பளபளப்பாக்க, எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துத் தேய்க்கலாம் என்று உங்கள் நாளிதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் வெளியாகியிருந்தது. எலுமிச்சை வரைக்கும் பரவாயில்லை. உப்பு சேர்ந்ததுதான் வினை. எதனிடமிருந்து அந்த உலோகத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே எடுத்து அதன் மேல் அழுத்தித் தேய்க்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு. தேய்த்த அன்று மினுங்கும். சில நாளில் முன்பைவிட மோசமாகப் பழுப்பேறும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு காப்புப் படலமாகப் படிகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் பருமனைப் பல்லாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆக்சிஜன் எட்ட வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கக்கூடியது. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு.

கடல்நீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் நிலைமை இன்னும் கெடுதல். நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகும். ‘காய்ந்துவிட்டதே, இனி என்ன?’ என்று விடவும் முடியாது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் கண்ணுக்குக் காய்ந்து தெரியும் கம்பியின் மேல் செறிவான உப்புக்கரைசல் இரவும் பகலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பியின் மேல்பக்கம் மழையில் கழுவப்பட்டுப் பளபளக்க, கீழ்ப்பக்கம் மட்டும் பழுத்துக்கிடப்பதற்குக் காரணம் இதுதான். கூரைக்கு அடியில், மழை எட்டாத மூலையில் இருக்கும் எவர்சில்வர்தான் முதலில் கெடும். நிழலில் இருப்பதால் பத்திரமாக இருக்கும் என்பது தப்புக் கணக்கு.

எடுத்தவுடன் தேய்க்காமல், பழுப்பு எந்த வகை என்று பாருங்கள். மேலோட்டமாக, சாயம் பரவியதுபோல் இருந்தால் அது ‘தேநீர்க்கறை’ என்று தொழிலில் சொல்லும் உப்புக்காற்றுப் பழுப்பு. அழகைக் கெடுக்குமே தவிர, பலத்தைக் குறைக்காது. தனித்தனியாக ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத்தூள். பக்கத்தில் சாதாரண இரும்பைக் கிரைண்டரில் அறுத்திருப்பார்கள், அல்லது இரும்பு நாரால் யாரோ தேய்த்திருப்பார்கள். மூன்றாவது வகைதான் கவலைக்குரியது: புள்ளியைத் துடைத்த பிறகு நகத்தை ஓட்டினால் குழி தட்டுப்படும், அல்லது வாஷருக்கு அடியிலிருந்து பழுப்பு நீர் வழிந்து கோடு போட்டிருக்கும். இவை குழியரிப்பு, இடுக்கரிப்பு. எந்தப் பாலிஷும் இவற்றைத் தீர்க்காது.

தேநீர்க்கறை வராமல் தடுப்பது கழுவுதல்தான். வெயில் இறங்கிய நேரத்தில், உலோகம் தொட்டால் சுடாதபோது தொடங்குங்கள். முதலில் நன்னீரைத் தாராளமாக ஊற்றி உப்பையும் மணலையும் ஓடவிட வேண்டும். துணியை முதலில் எடுத்தால் மணலே உப்புத்தாளாகிக் கீறிவிடும். அடுத்து ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் கம்பியின் கோடுகள் ஓடும் திசையிலேயே தேயுங்கள். கோட்டுக்குக் குறுக்கே தேய்த்த கீறல் கடைசிவரை கண்ணில் உறுத்தும். பிறகு மறுபடி நன்னீர், உடனே உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. துடைக்காமல் விட்டால் நீர் ஆவியான இடத்தில் அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் திட்டாக நிற்கும்.

எந்த நீரில் அலசுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ உவர்ப்பாக இருந்தால், அதில் கழுவுவது உப்பை இடம் மாற்றிப் பூசுவதுதான். 304 என்ற எவர்சில்வர் ரகத்துக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு, குளோரைடை அதிகம் தாங்கும் 316 ரகத்துக்கு 1,000 மில்லிகிராம் என்பது நீரில் எப்போதும் நனைந்திருக்கும் பாகங்களுக்குத் துறையில் வழங்கும் தோராய வரம்பு. நீர் காய்ந்து செறிவேறும் கைப்பிடிக்கு இதுவே அதிகம். கடைசி அலசலுக்காவது மழைநீர் அல்லது சுத்திகரித்த குடிநீர் வையுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், கடல் தெறிக்கும் தூரத்தில் இருப்பவற்றுக்கும் படகுகளுக்கும் ஒவ்வொரு முறை நனைந்த பிறகும். காற்று மட்டும் படும் இடத்தில், ஜன்னல் கண்ணாடி மங்குகிறபோதெல்லாம். கண்ணாடியில் படியும் அதே உப்புதான் கம்பியிலும் படிகிறது.

தேநீர்க்கறை ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால், முதலில் சமையல் சோடா மூன்று பங்குக்கு நீர் ஒரு பங்கு சேர்த்துக் குழைத்துத் தேய்த்துப் பாருங்கள். அசையவில்லையா, சிட்ரிக் அமிலம். 100 கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் ஒன்பது சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வரும். எவர்சில்வரின் காப்புப் படலத்தைப் புதுப்பிப்பதற்கான ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் ஏ967 தரநிலை, 4 முதல் 10 சதவீதக் கரைசலில், 21 முதல் 49 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 20 நிமிடம் என்கிறது. கைப்பிடியைத் தொட்டியில் முக்க முடியாது. ஆகவே கரைசலில் நனைத்த காகிதத் துண்டுகளைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, 20 நிமிடமும் காயாமல் வைத்திருங்கள். இடையில் காய்ந்தால் வேலையும் நடக்காது, திட்டும் விழும். பிறகு நிறைய நன்னீர், அதற்குப் பிறகு ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீர், மறுபடி நன்னீர்.

இரும்புத்தூள் புள்ளிகளுக்கும் இதுவே மருந்து. சிட்ரிக் அமிலம் ஒட்டிய இரும்பைக் கரைத்து எடுத்துவிடும், குரோமியத்தைத் தொடாது. பிடிவாதமான துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த தேய்ப்புத்தூள் அல்லது பாஸ்பாரிக் அமில ஜெல் பயன்படும். உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விட வேண்டாம். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. அடியில் பளிங்குத் தரை, அலுமினியச் சட்டம், துத்தநாகப் பூச்சு இருந்தால் முன்பே மூடிவிடுங்கள். கறை போகும் முன் அவை போய்விடும். இரும்பு முழுதும் போயிற்றா என்று அறிய, காய்ச்சி வடித்த நீரால் ஒரு நாள் முழுக்க நனைத்து நனைத்துக் காயவிடுங்கள். மறுபடி ஆரஞ்சு தெரிந்தால் இன்னொரு சுற்று.

தொடவே கூடாதவையும் உண்டு. ப்ளீச்சிங் பவுடரும் ப்ளீச் திரவமும் கழிப்பறை ஆசிடும் குளோரைடையோ குளோரினையோ கொண்டவை. தரைக்கு ஊற்றிய ஆசிட்டின் ஆவிகூடப் பக்கத்துக் கதவுப்பிடியைப் பழுக்கவைக்கும். ப்ளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அது உலோகத்தைவிட முதலில் ஆளைப் பதம் பார்க்கும். சாதாரண இரும்பு நார், இரும்புக் கம்பித் தூரிகை, ஏற்கெனவே இரும்பைத் தேய்த்த உப்புத்தாள் ஆகிய மூன்றும் துருவை விதைத்துவிட்டுப் போகும்.

பளபளப்பு என்பது அழகுக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் உப்பு உட்கார இடம் இல்லை. ஆர்ஏ எனப்படும் சராசரிச் சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் தேநீர்க்கறை கணிசமாகக் குறையும். ஆழமான கோடு போட்ட பிரஷ் பினிஷ், அதிலும் கோடுகள் படுக்கைவாட்டில் இருந்தால், ஒவ்வொரு கோடும் ஒரு உப்புப் பாத்தி. கடலோரத்துக்குக் கண்ணாடிபோல் மின்னும் பாலிஷ் நல்லது, மின்சாரத்தால் மேற்பரப்பை வழவழப்பாக்கும் எலெக்ட்ரோ பாலிஷ் இன்னும் நல்லது. கையால் மீட்டெடுக்க வேண்டுமானால் 400, 800, 1200 எண் உப்புத்தாள்களை வரிசையாக, ஒவ்வொன்றிலும் திசையைக் குறுக்கே மாற்றி, முந்தைய கீறல் மறையும்வரை ஓட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பாலிஷ் கட்டியால் பஃபிங், அதாவது துணிச்சக்கரத்தால் மெருகேற்றுதல், செய்யலாம். முடித்ததும் மேலே சொன்ன சிட்ரிக் சிகிச்சை கட்டாயம். அதன் மேல் மெழுகோ, ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலினோ மெல்லிசாகப் பூசினால் உப்பு நேராக ஒட்டாது. மழை பட்டுத் தேய்ந்துபோகும் பூச்சு இது. நீர் மணிமணியாக உருளாமல் பரவத் தொடங்கினால் கழுவிவிட்டு மறுபடி பூச வேண்டும். வார்னிஷ் போன்ற நிரந்தரப் பூச்சை மட்டும் நாட வேண்டாம். அது ஓரத்தில் உரிந்ததும் அடியில் உப்பு நுழைந்து இடுக்கரிப்புக்கு வீடு கட்டிக்கொடுக்கும்.

இடுக்குகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் பாகங்கள் முறிவது பெரும்பாலும் அங்கேதான். வாஷருக்கு அடியில், சுற்றிய கயிற்றின் உள்ளே, ஒட்டிய டேப்பின் கீழே, நீருக்குள் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிர் பற்றிய இடத்தில் ஆக்சிஜன் நுழையாது. படலம் மூடிக்கொள்ள வழியில்லை. உள்ளே குளோரைடு சேரச் சேர அந்த ஈரம் அமிலமாகவே மாறுகிறது. வெளியே கம்பி மின்னிக்கொண்டிருக்க, போல்ட்டின் நடுத்தண்டு பாதியாக இளைத்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை முக்கியமான போல்ட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு வழியும் போல்ட்டைத் தேய்க்காதீர்கள், மாற்றுங்கள். மறையில் ஆன்டிசீஸ் பசை தடவாமல் முறுக்கினால் எவர்சில்வர் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று கடித்துச் சிக்கிக்கொள்ளும். அலுமினியத்தோடு பூட்டும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள். இல்லாவிட்டால் எவர்சில்வர் பிழைக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

வெல்டிங் மூட்டுகளில் நீலமும் மஞ்சளுமாகத் தெரியும் வண்ணம் அலங்காரம் இல்லை. அங்கே அடியில் குரோமியம் குறைந்திருக்கிறது. அதை நீக்காமல் ஒப்படைத்த வேலை அந்த மூட்டில்தான் முதலில் பழுக்கும். நீக்கப் பயன்படும் பிக்ளிங் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் எலும்புவரை இறங்கக்கூடியது அது. வீட்டில் செய்கிற வேலையே கிடையாது, வேலை செய்தவரிடமே கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு கழுவினாலும் மறுபடி மறுபடி பழுக்கிறது என்றால் ரகமே தவறு. 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316இல் அவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். குளோரைடைத் தாங்கவைப்பது அதுதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 201, 202 ரகங்கள் கடலோரத்துக்கு ஆகவே ஆகாது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்: 202, 304, 316 மூன்றிலும் காந்தம் ஒட்டாது, வளைத்த இடத்தில் மூன்றிலும் கொஞ்சம் ஒட்டலாம். மாலிப்டினம் காட்டும் சோதனைத் திரவத்தின் ஒரு சொட்டு உண்மையைச் சொல்லும். போல்ட் தலையில் ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. 316 கைப்பிடியை ஏ2 திருகுகளால் பூட்டிவிட்டு, திருகைச் சுற்றி மட்டும் ஏன் பழுக்கிறது என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. அசையாத கடல்நீரில் மூழ்கியே கிடக்கும் பாகங்களுக்கு 316 கூடப் போதாது. சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற உயர்ரக எவர்சில்வர் வேண்டும், அல்லது தனக்குப் பதிலாகக் கரையும் துத்தநாகக் கட்டியைத் துணைக்குப் பூட்ட வேண்டும்.

உள்ளரங்க நீச்சல் குளங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 1985இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் நீச்சல் குளக் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எவர்சில்வர் தொங்குகம்பிகள் குளோரின் சேர்மங்கள் படிந்த சூழலில் விரிசல் விட்டதே காரணம். கை எட்டாத உயரத்தில், யாரும் கழுவாத இடத்தில் பாரம் தாங்கும் எவர்சில்வரை வெளிப்பளபளப்பை வைத்து எடைபோட முடியாது. அங்கே அதற்கென்றே உள்ள உயர்ரகம் வேண்டும், ஆய்வும் வேண்டும்.

குறிப்பைப் படித்து ஏற்கெனவே உப்பும் எலுமிச்சையும் தேய்த்துவிட்டவர்கள் இன்றே செய்ய வேண்டியது: இடுக்கு, திருகுத்தலை, மூட்டு எல்லாம் படும்படி இரண்டு மூன்று முறை நன்னீர் விட்டு அலசி, சோப்பு நீரால் கழுவி, மறுபடி அலசி, துணியால் ஈரமின்றித் துடையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பழுப்பு தலைகாட்டினால் சிட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளலாம். உப்பு டப்பா சமையலறையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உலோகப் பட்டறையிலிருந்து ஒரு வாசகர்