இம்பாலா வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பதினோரு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். 1965 ஷெவர்லே இம்பாலா, இரண்டு கதவு, பின்னால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு வட்ட விளக்குகள். அழகுதான், மறுக்கவில்லை. நான் பாவாடை கட்டிய வயதில் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு மில் முதலாளியின் இம்பாலா போனால், அது கண்ணை விட்டு மறையும்வரை நின்று பார்ப்போம். எங்களுக்கு அது கப்பல் கார்.

"வாங்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. ஆனால் இந்தக் காரையே வாங்கலாமா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. பதினோரு படத்தில் ஒன்றுகூட அடியிலிருந்து எடுத்தது இல்லை. பெயிண்ட் மினுமினுப்பைத்தான் அந்த ஆள் உனக்குக் காட்டியிருக்கிறார்.

நம் 1965 இம்பாலாவை நான் வாங்கியபோது நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. நீ அப்போது காலேஜில் இருந்தாய், பயப்படுவாய் என்று விட்டுவிட்டேன். ரிட்டயர் ஆன வருஷம், இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தோம். சிவப்பு, நான்கு கதவு, நடுவில் தூண் இல்லாத ஹார்ட்டாப். "எல்லாம் புதுசா செஞ்சது" என்றார் விற்றவர். அப்பாவுக்கு நிறம் பிடித்துவிட்டது, எனக்கு எஞ்சின் சத்தம் பிடித்துவிட்டது. இருபத்தேழு வருஷம் வார்ப்புகளை வெர்னியர் வைத்து அளந்து, மயிரிழை வெடிப்புக்குக்கூடப் பாகத்தைத் திருப்பி அனுப்பியவள் நான். அன்றைக்குக் குனிந்து அடியில் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதல் குளிர்காலம் முடிந்து உறையை எடுத்தபோது, பின் கண்ணாடியின் கீழ் மூலையில் பெயிண்ட் சின்னதாகக் கொப்புளித்திருந்தது. நகத்தால் தட்டினால் பொத்பொத்தென்று சத்தம். ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக நெம்பினேன், ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. மேலே சிவப்பு, அதன் கீழே ஓட்டையை மறைக்க விரல் கனத்துக்குப் பூசிய பட்டி, அதற்கும் கீழே தகடு இருக்க வேண்டிய இடத்தில் காப்பிப்பொடி மாதிரி துரு. இந்த மாடலில் அதுதான் முதலில் போகிற இடம். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் குரோம் பட்டைக்கு அடியில் மழைத்தண்ணீர் தேங்கும், தகட்டை அரிக்கும், அப்புறம் டிக்கிக்குள் சொட்டி அதன் தரையையும் அரிக்கும்.

அதனால் போகும்போது ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டு போ. பின் சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, அந்தக் கண்ணாடி மூலையில் வைத்துப் பார். ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது தகடு இல்லை, பட்டி. டிக்கியில் விரிப்பைத் தூக்கு. அப்புறம் அடியில் படுத்து சேஸிஸைப் பார். உங்கள் அரிசோனாக் காரில் துரு இருக்காது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த காராக இருந்தால் அவர் சொல்வது சரி. இங்கே மிச்சிகன் மாதிரி ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊரில் முப்பது வருஷம் ஓடிவிட்டு, பெயிண்ட் பூசிக்கொண்டு அங்கே வந்ததா என்று யாருக்குத் தெரியும்? பழைய பதிவுக் காகிதங்கள் இருந்தால் கேட்டு வாங்கிப் பார்.

சேஸிஸ் நம்பரையும் பார். 1965-இல் அது முன் கண்ணாடி வழியாகத் தெரியாது, 1968 மாடலில் இருந்துதான் அந்த வழக்கம். டிரைவர் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் ஒரு தகடு இருக்கும். 164 என்று தொடங்கினால் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் உள்ள இம்பாலா. அடுத்து 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். அதற்கடுத்த 5 வருஷத்தைக் குறிக்கும், அப்புறம் வரும் எழுத்து தொழிற்சாலை. நம்முடையது ஜே, விஸ்கான்சின் ஜேன்ஸ்வில்லில் செய்தது. 155, 156 என்று இருந்தால் அது பெல் ஏர், இம்பாலாவைவிட மலிவான ஷெவர்லே மாடல். அதற்குப் பக்கத்துக்கு இரண்டு விளக்குதான். ஆறு விளக்கை மாட்டி இம்பாலா என்று விற்பவர்கள் உண்டு. தகட்டில் உள்ள நம்பரும் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், உள்ள நம்பரும் ஓர் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடு.

இப்போது பிரேக். இதற்காகத்தான் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாங்கிய இரண்டாவது வருஷம், ஆகஸ்ட் மாதம், உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும் அந்த மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம். அப்பா பக்கத்தில். ராயல் ஓக்கில் சிக்னல் மஞ்சளானது, பிரேக்கில் கால் வைத்தேன். மிதி எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போனது. இன்னொரு தடவை மிதித்தேன், தரைதான். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு உருண்டுகொண்டே இருக்கிறது, முன்னால் ஒரு வண்டியில் பின் சீட்டில் இரண்டு குழந்தைகளின் தலை தெரிகிறது. கியர் கம்பியை லோவுக்கு இழுத்தேன், இடது காலால் பார்க்கிங் பிரேக்கை அழுத்தி மிதித்தேன், சக்கரத்தை நடைபாதைக் கல்லில் உரசவிட்டேன். ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அப்பா என் முழங்கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

பின் அச்சுக்கு மேலே போகும் பிரேக் குழாய் துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது. புதுசாகச் செய்தது என்ற காரில் அறுபத்தைந்தின் குழாயே இருந்தது. பின்னால் ஒரு குழாய் ஓட்டையானால் முன்னாலும் ஏன் பிரேக் போகிறது என்று நீ கேட்பாய். மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், அந்த வருஷத்தில் அதற்கு ஒரே அறைதான். நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய், எங்கே ஒழுகினாலும் எல்லாம் போச்சு. 1967 மாடலில் இருந்துதான் முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரட்டை அறை வந்தது.

ஆகவே கண்ணு, பெயிண்டுக்கோ சீட்டு உறைக்கோ ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன்னால், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், எல்லாக் குழாயும் புதுசு. இதற்கான பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த வருஷம் பத்து லட்சம் இம்பாலாவுக்கு மேல் விற்றதால் இன்றைக்கும் பாகத்துக்குப் பஞ்சமில்லை. பணம் பற்றாவிட்டால் நான் அனுப்புகிறேன்.

பேத்தியை அதில் ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். அவள் உட்காரும் பூஸ்டர் சீட்டுக்குத் தோள் பெல்ட் கட்டாயம் வேண்டும். பின் சீட்டில் மூன்று முனை பெல்ட் முறையாகப் பொருத்தும்வரை அவள் அழுதாலும் ஏற்றாதே. ஸ்டியரிங் தண்டும் மோதினால் மடங்காத பழைய வகை. பழமை கெட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதே.

டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று நம்பிவிடாதே. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2311 என்றால் 2011-இன் இருபத்துமூன்றாவது வாரம். உங்கள் ஊர் வெயிலில் ரப்பர் உள்ளேயே வெடித்திருக்கும். பெட்ரோல் ஹோஸும் அப்படித்தான், இப்போதைய பெட்ரோலில் கலக்கிற எத்தனாலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. மதிய வெயிலில் கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றாலும் பதறாதே, பானட்டைத் திறந்து ஆறவிடு.

பயமுறுத்திவிட்டேன் என்று நினைக்காதே. காலையில் ஷெட்டுக்குப் போய், ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை முழுசாக மிதித்து விட்டால் சோக் விழும். சாவியைத் திருப்பினால் அந்த 283 கன அங்குல வி8 எஞ்சின் இரண்டு சுற்று யோசித்துவிட்டுப் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் வாசம் ஷெட் முழுக்க வரும். இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், மெத்தை மாதிரி நீள சீட்டு, முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் நேராக முகத்துக்கு வரும் காற்று. ஹைபீம் சுவிட்ச் இடது காலுக்கு அடியில், தரையில் இருக்கும். அப்பா கடைசி வருஷத்தில் எதற்கும் வெளியே வரமாட்டார், இந்தக் காரில் என்றால் மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவார். இங்கே வரலாற்று நம்பர் பிளேட் வண்டியைக் கண்காட்சி, கிளப், ஊர்வலத்துக்கு மட்டும்தான் ஓட்டலாம். ஆனால் ஆகஸ்ட் முழுக்க அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்தக் கடைசி வருஷ ஆகஸ்டில் தினமும் சாயங்காலம் ஏரிவரை போய்வந்தோம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்போது மதியம் ஒன்று, போன் கையிலேயே இருக்கும். நீ வருவதற்கு முன்னால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்கிறவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு. போனதும் முதல் வேலையாக பானட்டைத் தூக்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் பிடிக்கத் திணறுவதை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம், உடனே எனக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா