கடற்புல் மேல் இழுவை மடி ஓடக் கூடாது: கடல் மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாக் விரிகுடாவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நண்டுவலை விட்டுப் பிழைக்கும் நாட்டுப்படகு மீனவன் நான். கரையோரத்தில் இரட்டைமடி இழுப்பதை, அதாவது இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து ஒரே இழுவை மடியை (பை போன்ற வலையை) கடலடியில் வாரி இழுப்பதைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுக்கள் தங்கள் மேசையில் இருக்கின்றன. அவற்றில் எழுதாமல் விட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

போன வாரம், விசைப்படகுகள் வரக் கூடாத, நாட்டுப்படகுகளுக்கு உரிய நாளின் இரவில், நான் விட்டிருந்த வலையை இரட்டைமடிப் படகுகள் வாரிக்கொண்டு போய்விட்டன. விடியலில் போய்த் தேடியபோது இரண்டு மிதவைகள்தான் கிடைத்தன. வலைக்கு வாங்கிய கடனை எப்படியாவது அடைத்துவிடுவேன். ஆனால் அன்று கரையில் கொட்டிக் கிடந்த சங்காயக் குவியலை, அதாவது விலை போகாத பொடி மீன் குவியலை, என்னால் மறக்க முடியவில்லை. கோழித் தீவனத்துக்கு எடை போட்டு அள்ளுவதற்கு முன் நானும் என் மனைவியும் உட்கார்ந்து அதைக் கிளறிப் பார்த்தோம். கட்டைவிரல் நகமளவு நண்டுக் குஞ்சுகள், விரல் நீளம்கூட வளராத ஓரா மீன், கண் மட்டும் கருப்பாகத் தெரியும் இறால் பொடி, இவற்றோடு வேரும் கிழங்குமாகப் பிடுங்கி வந்த கடற்புல். வேரில் சேறு இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

கடற்புல்லைப் பாசி என்று நினைப்பவர்கள் உண்டு. அது கடலுக்கடியில் பூத்துக் காய்த்து வேர்விடும் செடி. அதன் இலையில் படியும் மெல்லிய பாசியை நத்தையும் இறால் குஞ்சும் மேய்கின்றன. அவற்றைத் தின்ன மீன் வருகிறது. ஓடு கழற்றிய நண்டு மெத்தென்றிருக்கும் நாட்களில் ஒளிந்துகொள்ள அந்தப் புல்லை விட்டால் வேறு இடமில்லை. ஒரு நாளில் நாற்பது கிலோ வரை புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசு, தின்ற புல்லின் விதையைச் சாணத்தோடு வேறிடத்தில் போட்டுவிட்டுப் போகிறது. வேர்கள் சேற்றை இறுக்கிப் பிடித்திருப்பதால் நீர் தெளிந்திருக்கிறது. நீர் தெளிந்திருப்பதால் வெயில் அடிவரை இறங்கிப் புல் வளர்கிறது. எங்கள் கடலின் பெரும்பகுதி பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அதில் மடி ஒருமுறை அடியைச் சுரண்டிவிட்டால், பிடுங்கப்பட்ட புல் போவதோடு நிற்காமல், கலங்கிய சேறு மிஞ்சிய புல்லின் வெயிலையும் மறைத்துவிடுகிறது.

ஆகவே கடற்புல் உள்ள கரையோரக் கடலில் இழுவை மடி ஓடாமல் தடுத்துத் தருமாறு கேட்கிறேன். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுகளுக்கு 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டமே ஒதுக்கியிருக்கிறது. இரட்டைமடிக்கும் தடை இருக்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் தமிழ்நாடு அரசுதான். தவறி வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்களுக்குப் பரிசும் கொடுத்தீர்கள். அதைப் பெருமையாகவே நினைக்கிறோம். ஆனால் ஆவுளியாவைக் காப்பாற்ற எங்களை வலையை அறுக்கச் சொல்லிவிட்டு, அது மேயும் புல்லை இரவோடு இரவாக வழித்தெடுக்க விடுவது எந்த வகையில் நியாயம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனம் பெருக வேண்டும் என்று 61 நாள் தடை போடுகிறீர்கள். அந்த நாட்களில் பிறந்த குஞ்சுகள் வளரும் இடத்தில்தான் தடை முடிந்ததும் மடி இறங்குகிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அவர்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஆழ்கடலுக்குப் போக அவர்களுக்கு வழி செய்து கொடுக்காமல், இந்தச் சிறு கடலுக்குள் எங்களை ஒருவரோடொருவர் மோதவிட்டிருக்கும் கோபம் எனக்கு இருக்கிறது. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் கேட்கிறேன்: கடற்புல் மேல் மடி ஓடக் கூடாது. ரோந்துப் படகு பகலில் மட்டும் சுற்றாமல் இரவிலும் வரட்டும். சங்காயம் இறங்கும் கரையில் எடை போடுவதற்கு முன் தங்களில் ஒருவர் வந்து நின்று, அந்தக் குவியலைக் கையால் கிளறிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நண்டுவலை மீனவன் ஒருவன்