வரையத் தெரியாதவர்களுக்கும் கலைக்கூடத்தில் இடமுண்டு

சுங்கை சிப்புட்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிள்ளானில் வெள்ளம் உங்கள் வரிசை வரைக்கும் வரவில்லை என்று அறிந்து நிம்மதி. அம்மாவின் முழங்கால் வலிக்கு ஈப்போவில் ஒரு நல்ல மருத்துவர் கிடைத்திருக்கிறார். இப்போது கோவில் வரைக்கும் தனியாக நடக்கிறார். ஊர்ச் செய்தி வேறு அதிகமில்லை. உன் மகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் காட்சிக்கலைப் பாடத்தை எடுத்திருக்கிறாள், ஆனால் வரைவதில் அவளுக்குப் பெரிய கைத்திறன் இல்லை, படங்களை விட்டு விலகவும் மனமில்லை, இதை வைத்து என்ன வேலைக்குப் போவாள் என்று கேட்டிருக்கிறாய். நம் வீடுகளில் படம் வரைகிற பிள்ளையைப் பார்த்தால் ஓவியனாகப் போகிறானா, ஓவிய ஆசிரியையாகப் போகிறாளா என்றுதான் கேட்பார்கள். இரண்டும் இல்லையென்றால் பாடத்தையே விட்டுவிடச் சொல்வார்கள். ஒரு படம் சுவரில் ஏறுவதற்குப் பின்னால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. நான் கல்லூரியில் நடத்துவது அந்தப் பாடத்தைத்தான்.

2019-இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் மலேசியா முதன்முறையாகத் தனக்கென ஓர் அரங்கு அமைத்தது. செய்திகளில் கலைஞர்களின் பெயர்கள் வந்தன, வரவேண்டியதுதான். ஆனால் இப்படி ஒரு கண்காட்சி கடல் தாண்டிப் போகவேண்டுமென்றால், ஒவ்வொரு படைப்புக்கும் அளவெடுத்துப் பெட்டி செய்யவேண்டும். காப்புறுதிக்கு விலை மதிப்பிட வேண்டும், சுங்கத் தாள்களை எழுத வேண்டும். பெட்டி மூடும் முன்பும் திறந்த பின்பும் எந்த மூலையில் கீறல், எங்கே சாயம் உதிர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நம் தேசியக் கலைக்கூடத்தையே எடுத்துக்கொள். 1958-இல் தொடங்கப்பட்டது. 1984-இல் பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்கும், 1998-இல் ஜாலான் துன் ரசாக் அருகே இப்போதுள்ள கட்டடத்துக்கும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் சேகரிப்பு முழுவதையும் எண்ணிப் பதிந்து, சுற்றி, ஏற்றி, இறக்கி, மறுபடியும் எண்ணியிருப்பார்கள். அந்த வேலையைச் செய்பவரைப் பதிவாளர் என்கிறோம். என்னைக் கேட்டால் ஒரு கலைக்கூடத்தின் நாணயம் அவருடைய பதிவேட்டில்தான் இருக்கிறது.

இந்தப் பள்ளி விடுமுறையில் என் மாணவர்கள் சிலரை நம் ஊருக்கே அழைத்து வந்தேன். சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் இருந்தவர்களின் பழைய புகைப்படங்களைச் சேர்த்து மண்டபத்தில் ஒரு சிறு கண்காட்சி வைத்தோம். சுங்கை சிப்புட் என்று தேடினால் முதலில் வருவது 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும்தான். அதே தோட்டங்களில் விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றவர்களின் முகங்கள் எங்கே இருக்கின்றன? லயன் வீடுகளை விட்டுக் குடிபெயர்ந்தவர்களின் அலமாரிகளில், பிஸ்கட் டின்களில் இருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட பிறகு அந்த டின்களைத் தவிர வேறு சாட்சி அதிகம் இல்லை.

கேட்டவுடன் யாரும் கொடுக்கவில்லை. ஒரு பாட்டி படத்தைக் காட்டினாரே தவிர, கையை விட்டு விடவில்லை. கணவர் தோட்டத்துக் கால்பந்துக் குழுவோடு நிற்கும் படம். முன்பு யாரோ ஆண்டுமலர் போடுகிறோம் என்று கல்யாணப் படத்தை வாங்கிப் போனார்களாம். திரும்பி வரவே இல்லை. "திருப்பித் தருவீர்கள் என்பதற்கு என்ன உறுதி?" என்று கேட்டார். என் மாணவி ஒருத்தி, படத்தை இரவல் வாங்குவதற்கான கடன்சீட்டை எடுத்து, தமிழில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். படம் யாருடையது, என்ன அளவு, வலது ஓரத்தில் பழைய மடிப்பு, இடது கீழ்மூலையில் பூச்சி அரித்த தடம், எந்தத் தேதியில் திரும்பும், யார் பொறுப்பு. இரண்டு பிரதிகள், இரண்டிலும் கையெழுத்து. பாட்டி தம் பிரதியை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் படத்தைத் தந்தார். மாதக்கணக்கில் வகுப்பில் சொல்லியும் மனத்தில் ஏறாத பாடம் அந்தத் திண்ணையில் ஏறியது. படிவம் என்றால் சலிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடவில்லை.

அசலை நாங்கள் சுவரில் மாட்டவில்லை. நகலெடுத்து மாட்டிவிட்டு, அசலுக்கு மென்மையான பென்சிலால் பின்புறம் எண் எழுதி, அமிலமில்லாத காகித உறையில் போட்டு வீட்டுக்கே திருப்பித் தந்தோம். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறும். பளபளப்பான மலிவு பிளாஸ்டிக் உறையும், பசை தடவிய ஆல்பமும் படத்தோடு ஒட்டிக்கொண்டு அதையே தின்றுவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் வெள்ளிமீன் பூச்சியும் எப்போதும் காத்திருக்கும். குளிரூட்டிய அறை இல்லாத இடத்தில் இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று கற்றுத்தர, வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைவிட இந்த மண்டபம் எனக்கு உதவியது.

வரவுசெலவுப் பாடம் மட்டும் இன்னும் எனக்கு மனநிறைவு தரவில்லை. ஐயாயிரம் ரிங்கிட்டில் ஒரு கண்காட்சி நடத்துங்கள் என்றால், மாணவர்கள் திறப்புவிழா, பொன்னாடை, தேநீர், பதாகை என்று எழுதிவிட்டு மிச்சத்தில் படங்களுக்குச் சட்டம் போடப் பார்க்கிறார்கள். கலைஞருக்குரிய ஊதியம் கடைசி வரியில் வரும், அல்லது வராது. அவர்கள் பார்த்து வளர்ந்தது அதுதான். முதல் வரியில் கலைஞரின் ஊதியம், அடுத்து படைப்பின் பாதுகாப்பு, மிச்சமிருந்தால் பொன்னாடை என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது சம்பளம். உன்னிடம் மறைக்க மாட்டேன்: தொடக்கத்தில் குறைவுதான், நிரந்தரப் பதவிகளும் குறைவு. அரசாங்க அருங்காட்சியகப் பதவி என்றால் பொதுச் சேவை ஆணையம் வழியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். தனியார் கலைக்கூடங்களில் ஒரே ஆள் விற்பனை, பதிவு, துடைப்பம் எல்லாம் பார்ப்பார். ஆனால் வழிகள் கூடியிருக்கின்றன. 2015-இல் கோலாலம்பூரில் இல்ஹாம் கலைக்கூடம் திறந்தது. 2017-இல் தொடங்கிய செண்டானா என்ற கலை மேம்பாட்டு அமைப்பு கலைத்துறைக்கு மானியம் தருகிறது. மானிய விண்ணப்பம் தெளிவாக எழுதத் தெரிந்தவர்களை எல்லாக் குழுக்களும் தேடுகின்றன. மலாயும் ஆங்கிலமும் நன்றாக எழுதி, தமிழில் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து பேசவும் தெரிந்த பெண் இந்தத் துறையில் அரிது. நம்மவரான நிர்மலா தத் சண்முகலிங்கம் போன்ற ஓவியரைப் பற்றிக் கேட்டால்கூட என் மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. 1941-இல் பினாங்கில் பிறந்து, போரையும் சுற்றுச்சூழல் அழிவையும் துணிந்து கலையாக்கியவர். அப்படிப்பட்டவர்களின் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் ஒழுங்குபடுத்தி வைக்க நம் பிள்ளைகளும் முன்வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆகவே மகளைத் தடுக்காதே. அவசரப்பட்டுப் பட்டயப் படிப்பில் சேர்க்கவும் வேண்டாம். அடுத்த விடுமுறையில் இங்கே அனுப்பு. ரயில் நேரத்தைச் சொன்னால் நான் நிலையத்துக்கு வருகிறேன். முதலில் படங்களுக்குப் பெயரட்டை எழுதட்டும், கடன்சீட்டு நிரப்பட்டும், நான்கு வீடு ஏறி இறங்கட்டும். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால், எங்கே படிப்பது என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.

உன் அண்ணனிடம் ஒன்று கேட்டுச் சொல். உங்கள் அப்பா தோட்டத்துக் கணக்கராக, அதாவது கிராணியாக இருந்தபோது எழுதிய செக்ரோல் என்ற வருகைப் புத்தகங்களில் ஏதாவது மிச்சமிருக்கிறதா? இருந்தால் வெயிலில் காயவைக்க வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம். அப்படியே உலர்ந்த அட்டைப் பெட்டியில் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பு. கடன்சீட்டை அவளே எழுதட்டும்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி