முதல் போன் உங்கள் அலுவலகத்திலிருந்து போகட்டும்

பெறுநர்: கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்கள், இரு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கள்.

பொருள்: பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதிக்கப்பட்ட (டெஃப்பிளைண்ட்) குழந்தைகளின் குடும்பங்களுக்கு, இரு மாவட்டங்களுக்கும் பொதுவான பெற்றோர் வட்டம் அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு வணக்கம்.

புதுக் கட்டடமோ புதுத் திட்டமோ கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள சில குடும்பங்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். பட்டியலை எங்கள் கையிலோ தொண்டு நிறுவனத்தின் கையிலோ நீங்கள் தர முடியாது, தரவும் கூடாது. ஆகவே முதல் போன் உங்கள் அலுவலகத்திலிருந்துதான் போயாக வேண்டும்.

மற்ற பெற்றோர் சங்கங்கள்போல இது தானாக உருவாகாது. ஒரு ஒன்றியத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அடுத்த ஒன்றியத்தில் ஒன்றுகூட இருக்காது. காது கேளாத பிள்ளைகளின் பெற்றோர் கூடும் இடத்தில் பேச்செல்லாம் ஹியரிங் எய்டையும் பேச்சுப் பயிற்சியையும் பற்றியே இருக்கும். பார்வையற்ற பிள்ளைகளின் பெற்றோர் கூடினால் பிரெயில், ஊன்றுகோல். இரண்டு இடத்திலும் டெஃப்பிளைண்ட் குழந்தையின் தாய்க்குக் கேட்க ஒன்றும் இல்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை.

இரு மாவட்டத்துக்கும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமில்லை, சாலையும்தான். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது; பேருந்துத் தடங்கள் அந்த எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. அஞ்செட்டி வட்டம் நாட்றாம்பாளையத்துக்காரர் ஒகேனக்கல் வழியாகப் பென்னாகரம் போவது, தன் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்குப் போவதைவிட வெகு சுருக்கு. அவரைக் கிருஷ்ணகிரிக்கு வரச் சொன்னால் ஒரு முறை வருவார்.

முதலில் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல்வகைக் குறைபாடு என்ற இனத்தில் டெஃப்பிளைண்ட் நிலையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் சான்றிதழில் அது வருவது அரிது. கண் மருத்துவர் பார்த்தால் பார்வைக் குறைபாடு, காது மருத்துவர் பார்த்தால் செவித்திறன் குறைபாடு, எது முதலில் முடிந்ததோ அதோடு கோப்பு மூடப்படும். காதில் ஒலி கொடுத்து, நரம்பும் மூளையும் அதற்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் பேரா (BERA) சோதனைக்குச் சின்னக் குழந்தை தூங்க வேண்டும். முகாம் நடக்கும் இரைச்சலில் அது தூங்காது, 'இன்னொரு நாள் வாங்க' என்று அனுப்புவார்கள், அந்த இன்னொரு நாள் வருவதே இல்லை.

இதில் கணக்கும் ஒன்று இருக்கிறது. குறைபாட்டு மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, இரண்டு குறைபாடுகளில் பெரியதை அ என்றும் சிறியதை ஆ என்றும் வைத்தால், மொத்தம் = அ + ஆ × (90 − அ) ÷ 90. பார்வையில் 30 சதவீதம், செவியில் 30 சதவீதம் உள்ள குழந்தையைத் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 40க்குக் கீழே. சலுகை கிடையாது என்று இரண்டு மேசையிலும் திருப்பி அனுப்புவார்கள். சேர்த்துப் போட்டால் 30 + 20, அதாவது 50 சதவீதம். கண், காது மருத்துவர்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே வாரியத்தில் இருந்தால்தான் இந்தக் கூட்டலைப் போட ஆள் இருக்கும். மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். பேரா சோதனையை முந்தைய வாரமே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் முடித்துவிடச் செய்யுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் பதிவுகளிலும் தேட வழி உண்டு. 18 வயதுக்குட்பட்டு, பார்வைச் சான்று மட்டும் வைத்திருப்பவர் வீட்டில் காதைப் பற்றிக் கேளுங்கள்; செவிச் சான்று மட்டும் உள்ள வீட்டில் கண்ணைப் பற்றி. பொழுது சாய்ந்ததும் பிள்ளை சுவரைத் தடவுகிறதா, பக்கத்தில் நிற்பவர் மேல் மோதுகிறதா, நடக்கவே ஒன்றரை வயது தாண்டியதா? பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு இவை இருந்தால், காதோடு பார்வையும் மெல்ல மங்கிவரும் அஷர் நோயாக இருக்கலாம். விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால் மட்டுமே வரும் நோய் அது. மாமன் மகள், அக்காள் மகள் கட்டும் நம் பகுதியில் அதற்கு வாய்ப்பு கூடுதல். இதைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்காது. கேட்க ஆளும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வெளியே வருவதில்லை என்பது அதில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலப் பெண்களுக்குத் தெரியும்.

அடுத்தது போன். படிவத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் எண், அவரோ பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார். 'ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க' என்ற அளவில்தான் சேதி வீட்டுக்குப் போகும். குழந்தையோடு பகல் முழுக்க இருப்பவரின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: உங்களைப்போல இன்னொரு குடும்பத்தோடு பேச விருப்பமா, உங்கள் எண்ணை அவர்களுக்குக் கொடுக்கலாமா, வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள். தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. இதைக் கேட்காமல் சேர்த்து வைத்தால் முதல் பேச்சிலேயே அறுந்துபோகும். முதலில் இரண்டு இரண்டு குடும்பமாகச் சேருங்கள். பெரிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் விசாரிப்பு நடக்கும், பிறகு குட்மார்னிங் படங்கள் மட்டும் வரும்.

கூடும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கெட்டுப்போவது இங்கேதான். ஒரு முறை காவேரிப்பட்டணம், ஒரு முறை பென்னாகரம், ஒரு முறை தேன்கனிக்கோட்டை என்று மாற்றி வையுங்கள். மாம்பழ அறுவடைக் காலத்தில் வைத்தால் ஆள் வராது. தரைத்தளம், பாய், பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை; கொஞ்சம் பார்வை மிஞ்சியுள்ள பிள்ளைக்குக் கூசும் வெளிச்சம் இருக்கிற பார்வையையும் பறித்துவிடும். மைக் வேண்டாம், ஹியரிங் எய்டுக்குள் அதன் கீச்சொலி தாங்க முடியாது. எட்டுக் குழந்தைகள் வந்தால் எட்டு உதவியாளர், மேலே இரண்டு பேர். ஆளில்லாவிட்டால் தாய்மார்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், ஒருவரோடொருவர் பேசவே மாட்டார்கள். வட்டார வள மையச் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் வரட்டும். போதாததற்குக் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முந்தைய நாள் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு. பின்னாலிருந்து தொடக் கூடாது, முதலில் தோளிலோ புறங்கையிலோ தொட்டுப் பொறுத்திருக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை. வெளியூர்ப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் ஆகும். அந்தக் காசை அன்றே கையில் கொடுங்கள். பில் வைத்தால் வங்கிக் கணக்கில் வரும் என்றால் அடுத்த முறை பாதிப் பேர் வர மாட்டார்கள். மேடையும் சிறப்பு விருந்தினரும் தயவுசெய்து வேண்டாம். பொன்னாடைக்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் பயணச் செலவுக்குக் காணும்.

இத்தனை பாடுபட்டுக் கூடினால் என்ன கிடைக்கும்? ஒன்றை மட்டும் சொல்கிறோம். பார்க்கவும் கேட்கவும் முடியாத குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைத் தொடக்கூடிய பொருளால் சொல்ல வேண்டும். குளியலுக்கு முன் பிளாஸ்டிக் மக்கு, சாப்பாட்டுக்கு முன் ஸ்பூன், வெளியே கிளம்புமுன் பையின் வார். நாலு தடுப்புள்ள அட்டைப்பெட்டியில் இவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்று முடிந்ததும் மூடியுள்ள இன்னொரு டப்பாவில் பிள்ளையே போடும். ஆளுக்கும் அடையாளம் உண்டு: அம்மா என்றால் வளையல், அப்பா என்றால் வாட்ச். பயிற்சிக் கையேட்டில் இவ்வளவும் இருக்கிறது. வீட்டில் தவறுவது வேறு இடத்தில்: தண்ணீரை ஊற்றிய பிறகு மக்கைக் கொடுப்பார்கள், அப்போது அது சேதி சொல்லாது. அல்லது போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஆயா (பாட்டி) பழைய மக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைப்பார். பிடி வேறு வடிவமாக இருந்தால் பிள்ளைக்கு அது வேறு சொல், அழுது ரகளை செய்யும். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துத் தொட வைப்பது இன்னொன்று. நம் கை அதன் கைக்கு அடியில் இருந்தால்தான் விருப்பமில்லாதபோது அதால் விலக்கிக்கொள்ள முடியும், பயம் போகும். இதை இன்னொரு தாய் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செய்து காட்டினால் பத்து நிமிடத்தில் புரிகிறது. வாரம் ஒரு முறை வரும் ஆசிரியர் சொன்னால் ஆயாவுக்கு அது ஆசிரியர் வேலையாகத்தான் தெரிகிறது.

காகித வேலையும் சேர்ந்து செய்தால் எளிது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தருகிறது. பல குடும்பங்களுக்குப் பெயரே தெரியாது. 18 வயது முடிந்த பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழு உங்கள் தலைமையில்தான் இருக்கிறது. அதன் கூட்டத் தேதியை முன்கூட்டியே இந்த வட்டத்துக்குச் சொல்லிவிட்டால் விண்ணப்பங்கள் ஒன்றாக வரும். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரே வேனில் அனுப்பிவைப்பதும் அப்படித்தான். தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் கூலி போகும்.

பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை ஆகிய மூன்று வட்டங்களின் பட்டியலை முதலில் எடுங்கள். போன் செய்ய ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் மேசை எண்ணையும் இரு ஆட்சியரகத் தகவல் பலகையிலும் எழுதிப் போடச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு வரும் பெற்றோரை அந்த மேசைக்கே அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பெற்றோரும் சிறப்பாசிரியர்களும்