சுமைகூலி முக்கால் பணம்

அன்புள்ள ரவிக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய செய்திக்குக்கூடப் பதில் போடாதவன் திடீரென்று இத்தனை நீளமாக எழுதுகிறானே என்று நினைப்பாய். திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நாம் ஆடும் கார் கம்பெனி நடத்தும் கணினி விளையாட்டான கியர்சிட்டியில் நீ சேமித்து அனுப்பிய கோப்பைத் திறந்து, உன் கம்பெனியின் 1912ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

டெட்ராய்ட் தொழிற்சாலை ஓய்வில்லாமல் ஓடுகிறது, வண்டிகளும் தேங்கவில்லை; ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. காரணம் கப்பல் கூலிதான் என்று நீ கண்டுபிடித்தது சரி. அதற்குப் பரிகாரமாக ப்ரசல்ஸில் தொழிற்சாலை கட்ட நினைத்தாயே, அங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. ஆண்டைப் பார்த்தாயா? ஆட்டத்தில் போர்கள் வரலாற்றை ஒட்டியே வரும். 1914 ஆகஸ்ட் 20 அன்று ஜெர்மன் படை ப்ரசல்ஸுக்குள் நுழைந்தது. கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த் தொழிற்சாலையையே ஜெர்மன் பேரரசர் கைசருக்குக் கொடுக்கப் போகிறாய்.

கூலியின் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதே. எந்த வண்டி, எந்தக் கிளைக்கு, எவ்வளவு தின்கிறது என்று பிரித்துப் பார். உன் சின்ன வண்டியின் அடக்கவிலை 430 டாலர், விற்பது 550க்கு. மெல்போர்ன் கிளைக்குப் போய்ச் சேர ஒவ்வொன்றுக்கும் 140 டாலர் கூலி விழுகிறது. அதாவது ஆஸ்திரேலியாவில் உன் வண்டியை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் 20 டாலர் மொய் வைக்கிறாய். அதே கப்பலில் போகும் ஆறு சிலிண்டர் பெரிய வண்டிக்குக் கூலி கொஞ்சம்தான் கூட; ஆனால் அது 2,400 டாலருக்கு விற்று, கூலி போக 600க்கு மேல் தருகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது உன் சின்ன வண்டிக்கு அப்படியே பொருந்தும். நீயோ அதன் விற்பனை எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்திருக்கிறாய். கூட்டத்தைப் பார்த்து லாபம் என்று நம்புவது செல்வத்தின் பரோட்டாக் கடைக் காலத்திலிருந்தே உனக்குப் பழக்கம்தானே.

ஆகவே கடல் கடந்த கிளைகளில் சின்ன வண்டியை நிறுத்து, அல்லது அங்கே மட்டும் விலையை ஏற்று. விற்பனை விழத்தான் செய்யும், விழட்டும். அந்த வண்டிகள் சிகாகோவிலும் கிளீவ்லண்டிலும் போய் நின்றால் அரை நாள் ரயில் தூரம், கூலி கையைக் கடிக்காது.

ஃபோர்டு இதைச் சமாளித்த விதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. 1904லேயே அவர்கள் டெட்ராய்ட் ஆற்றின் எதிர்க்கரையில், கனடாவில், ஒரு கம்பெனியை அமைத்தார்கள். தூரத்துக்காக அல்ல, கனடா முழு வண்டிக்கு 35 சதவீதம் சுங்கம் வைத்திருந்தது. உதிரிபாகங்கள் ஆற்றைக் கடந்து வந்து அக்கரையில் வண்டியாயின. பிரிட்டன் நீங்கலான பேரரசுச் சந்தை அந்தக் கனடா கம்பெனியின் கையில் இருந்ததால்தான், 1926இல் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டு நிறுவனமும் அதன் கிளையாகவே பிறந்தது. இன்னொரு கணக்கு என்னை அசத்திவிட்டது: ஒரு சரக்கு ரயில் பெட்டியில் முழுதாகச் செய்த கார்களின் கூடுகள் ஏழுதான் கொள்ளும்; அதே பெட்டியில், பிரித்து அடுக்கினால் 130 கொள்ளும். ஏழு கூடுகளை ஏற்றுகிறவன் பெரும்பாலும் காற்றுக்குத்தான் கூலி கொடுக்கிறான். 1908இல் 850 டாலராக இருந்த ஃபோர்டின் டி மாடல் கார் 1925இல் 260 டாலர் வரை இறங்கியபோது, காற்றுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த விலை கட்டுப்படியாகியிருக்குமா? நம் ஆட்டத்தில் வண்டியைப் பிரித்து அனுப்ப வழியில்லை என்பதுதான் என் தீராத மனக்குறை.

ஐரோப்பாவில் கட்டியே ஆகவேண்டும் என்றால் மான்செஸ்டரில் கட்டு. ஃபோர்டும் 1911இல் அங்கேதான், கப்பல் கால்வாயை ஒட்டிய டிராஃபோர்டு பார்க்கில் தொடங்கியது. அதுவும் உடனே வேண்டாம். பிரிட்டன் கிளைகளுக்கு ஆண்டு முழுதும் நீ கட்டும் கூலி, அங்கே தொழிற்சாலை நடத்தும் செலவைத் தாண்டட்டும். அதுவரை பெரிய வண்டியை மட்டும் அனுப்பு. பாதி ஆள் சும்மா நிற்கும் தொழிற்சாலையைவிடக் கப்பல்காரனுக்குக் கொடுப்பது மேல். சந்தை படுத்தால் கப்பலை நிறுத்திவிடலாம், கட்டிய சுவரை என்ன செய்வாய்?

கோப்பில் நான் எதையும் மாற்றவில்லை. மெல்போர்னில் சின்ன வண்டியை நிறுத்தி, ஆறு மாதம் ஓட்டிவிட்டுக் கணக்கை அனுப்பு. பாலு அண்ணனிடம் மட்டும் காட்டாதே. அவர் உடனே கப்பல் வாங்கச் சொல்லுவார், நீயும் கேட்பாய்.

அன்புடன்,
குமார்