பராமரிப்பாளருக்கும் பதிவு எண் வேண்டும்

ஆசிரியருக்கு, அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான இல்லங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிடைப்பதில்லை என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஆள் இல்லை என்பது பாதிதான். இருக்கிறவர்களுக்கு அங்கீகாரம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, சிறப்பாசிரியர் போன்றவர்கள் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்தால்தான் தொழில் செய்ய முடியும். சரி, அதே பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், நடுராத்திரி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பவருக்கு என்ன இருக்கிறது? மூளை முடக்குவாதம் உள்ள என் அக்கா மகனுக்குச் சாய்த்து வைத்து ஊட்டும்போதெல்லாம் புரையேறும். பயிற்சி பெற்ற ஓர் அம்மா வந்து, அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, குழைத்த சோற்றைச் சின்ன ஸ்பூனில் கொடுத்து, அவன் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் ஊட்டினார். புரையேறுவது வெகுவாகக் குறைந்தது. இது ஆயா வேலை அல்ல, தெரிந்து செய்கிற தொழில். ஆனால் அவர் வேலை பார்த்த மையம் கடைசிவரை ஆயா சம்பளம்தான் கொடுத்தது, அப்புறம் அவர் துணிக்கடைக்குப் போய்விட்டார்.

பராமரிப்பாளர்களுக்கான சான்றிதழ்ப் பயிற்சிகள் மறுவாழ்வு கவுன்சிலிலும், இத்தகைய குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையிலும் ஏற்கெனவே உண்டு. அந்தச் சான்றிதழ் உள்ளவருக்குத் தனி ஊதிய நிலை தர வேண்டும் என்பதை, மானியம் பெறும் இல்லங்களுக்குத் தமிழக அரசு நிபந்தனையாக்கலாம். பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவர்களை மறுபடி வகுப்பில் உட்கார வைக்காமல், தமிழிலேயே செய்முறைத் தேர்வு வைத்துப் பதிவு எண் கொடுக்கட்டும்.