குறையைக் கண்டுபிடித்தவர் மீது தாமதப் பழி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணுமின் நிலையக் கட்டுமானம் தள்ளிப்போகும் செய்தி எப்போது வந்தாலும் "சோதனைகளால் தாமதம்" என்று ஒரு வரி கூடவே வந்துவிடுகிறது. வெல்டுகளைச் சோதிக்கும் என்.டி.டி. வேலையில் இருப்பவன் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொருளை வெட்டாமல், உடைக்காமல் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ரேடியோகிராபி, அதாவது கதிர் பாய்ச்சிப் படம், எடுத்தால் காற்றுக்குமிழி, கசடு எல்லாம் பிலிமில் தெரிந்துவிடும், ஆனால் கதிருக்குக் குறுக்கே படுத்திருக்கும் மெல்லிய விரிசல் தெரியாமலே போகலாம், அதைப் பிடிக்க ஒலியலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் வேண்டும். அதிலும் துருப்பிடிக்காத எஃகு வெல்டு என்றால் பெரும்பாடு. உள்ளே படிகங்கள் பெரிது பெரிதாக இருப்பதால் ஒலியலை சிதறும், வளையும், இல்லாத குறையைக்கூட இருப்பதுபோல் காட்டும். திரையில் எழும்பும் சிக்னலைப் பார்த்து இது விரிசல், இது வெறும் எதிரொலி என்று பிரித்துச் சொல்லப் பல வருடப் பழக்கம் தேவை, அவசரப்படுத்தினால் அந்தப் பழக்கமும் உதவாது.

அப்புறம் காத்திருப்பு. சில வகை எஃகில் ஹைட்ரஜனால் வரும் விரிசல் வெல்டிங் முடிந்த கையோடு வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளிப்படும், அதனால்தான் அந்த மாதிரி வெல்டுகளுக்கு 48 மணி நேரம் பொறுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். ரேடியோகிராபிக்கு கதிரை வீசும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை அதன் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதென்றால் சுற்றியுள்ள ஆட்களையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும், ஆகவே பெரும்பாலும் இரவு ஷிப்ட்தான். அட்டவணை போடுகிறவர்களுக்கு இதெல்லாம் வீணாகும் நேரமாகத் தெரிகிறது. "இன்றைக்கே பாஸ் பண்ணிவிடுங்கள்" என்று கேட்காத சைட்டில் நான் வேலை பார்த்ததில்லை.

பிரான்சின் ஃபிளமான்வில் 3 உலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் தொடங்கியது, 2012-ல் முடியும் என்றார்கள், மின்தொகுப்பில் இணைந்தது 2024 டிசம்பரில். காரணங்கள் பல, அதில் ஒன்று நீராவிக் குழாய் வெல்டுகள். தயாரித்தவர்களே சோதித்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்திருந்த வெல்டுகளில், உலையை இயக்கும் முன் செய்யும் முழுச் சோதனையின்போது 2018-ல் குறைகள் தெரிந்தன. தேவையான தரத்தை எட்டாமல், உலைக் கட்டடத்தின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கிடந்த 8 வெல்டுகளையும் இயக்கத்துக்கு முன்பே சரிசெய்தாக வேண்டும் என்று அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் சொல்லிவிட்டது. அங்கே போய் வேலை செய்யத் தனியாக ரோபோக்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே தாமதத்தை உண்டாக்கியது இரண்டாவது சோதனையா? முதல் சோதனையில் அந்தக் குறை எப்படித் தப்பியது என்பதுதான் என் கேள்வி.

பெல்ஜியத்தில் 2012-ல் டோல் 3 உலையின் அழுத்தக் கலனை (அணு எரிபொருள் இருக்கும் எஃகுக் கலன்) அல்ட்ராசோனிக்கில் முழுசாகப் பார்த்தபோது எஃகுக்குள் ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் செதில்கள், அதாவது ஹைட்ரஜனால் உண்டான மெல்லிய விரிசல்கள், தெரிந்தன. கலனைத் தயாரித்த காலத்திலேயே உண்டானவை அவை. அந்த உலையோ 1982-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது, குறை தெரிந்தது முப்பது வருடம் கழித்து.

வெல்டு பாஸானால்தான் கான்ட்ராக்டருக்குப் பில் பாஸாகும். அந்த வெல்டைச் சோதிப்பவருக்கும் அதே கான்ட்ராக்டரே சம்பளம் கொடுத்தால் அவர் எத்தனை நாள் "இல்லை, வெட்டித் திரும்பப் போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்? சோதனைக் குழு தனியாக இருக்க வேண்டும், கட்டுமான மேலாளருக்குக் கீழே இருக்கவே கூடாது. பிலிமை இன்னொருவர், முதலாமவர் எழுதியதைப் பார்க்காமல், மறுபடி படிக்க வேண்டும். ரிப்பேருக்கும் மறுசோதனைக்கும் ஆகும் நாட்களை அட்டவணையில் முதலிலேயே சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

இனித் தாமதச் செய்தி எழுதும்போது, குறை எந்தக் கட்டத்தில் உண்டானது, முதலில் கையெழுத்துப் போட்டது யார், அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்று உங்கள் நிருபர்கள் தயவுசெய்து கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
என்.டி.டி. சோதனையாளர் ஒருவர்